கெளுத்தி இரை: முள்ளில் நிற்காத ஈரலும் நாறிப்போன மீனும்

கரையோரம்:
வீசிய வேகத்தில் ஈரல் ஒரு பக்கம், தூண்டில் முள் ஒரு பக்கம். ஈயம் போய் விழுவதற்கு முன்பே பாதி வழியில் 'சளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கெளுத்திக்குத் தூண்டில் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த சத்தம்தான் அது. கவனிக்காமல் விட்டால் அடுத்த முக்கால் மணி நேரம் வெறும் முள்தான் தண்ணீரில் கிடக்கும்.

பெரும்பாலும் ஃப்ரீசர்தான் காரணம். ஈரல் உறையும்போது உள்ளே இருக்கும் செல்கள் உடைந்துவிடும், உருகியதும் கூழ். அதனால் உறைய வைக்காத கோழி ஈரலாக வாங்க வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, துண்டுகளின் மேல் கல்லுப்பை நன்றாகத் தூவி, சல்லடையில் பரப்பி, அடியில் ஒரு கிண்ணம் வைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் விட்டால் தண்ணீர் வடிந்து ரப்பர் போல இறுகிவிடும். முள்ளை ஒரே இடத்தில் குத்தி விடாமல் இரண்டு மூன்று தடவை மடித்து மடித்து ஏற்றுங்கள். எட்டிப் போடும்போது சாட்டை மாதிரி விளாசக் கூடாது. பக்கவாட்டில் மெதுவாக வீசினால் போதும்.

ஈயக்குண்டு:
கரையோரம் அண்ணே, உப்பு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. கிண்ணத்தில் வடிந்து கிடக்கிற அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் மீனைக் கூப்பிடுகிற சரக்கு. அதை வீட்டிலேயே வடித்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு என்ன பயன்?

பச்சை ஈரலையே போடுங்கள், நூலால் கட்டுங்கள். மெல்லிய எலாஸ்டிக் நூல் போதும். முள்ளில் ஏற்றிய பிறகு இழுத்துப் பிடித்தபடி எட்டுப் பத்துச் சுற்று சுற்றி அறுத்துவிட்டால் தானே இறுகிக்கொள்ளும், முடிச்சே வேண்டாம். அது இல்லாவிட்டால் பழைய நைலான் காலுறையில் உள்ளங்கை அளவு வெட்டி, ஈரலைப் பொட்டலமாகக் கட்டி, முள்ளைத் துணியோடு சேர்த்துக் குத்துங்கள். முள்முனை துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே புதைந்தால் கடி கிடைக்கும், மீன் கிடைக்காது.

டப்பாவைக் கரையிலும் ஐஸ் மேலேயே வைத்திருங்கள். வெயிலில் அரை மணி நேரம் கிடந்த ஈரலை எந்த நூலாலும் காப்பாற்ற முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் அதில் இழுக்கிற சத்து எதுவும் மிச்சமில்லை, மாற்றிவிடுங்கள்.

சேற்றுநீர்:
இரண்டு பேர் சொன்னதையும் விட முக்கியமான ஒன்று. "நல்லா நாறினால்தான் கெளுத்தி வரும்" என்று நம்பி மூன்று நாள் வெயிலில் வைத்த மீனைக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொட்டதும் தோல் தனியாக, சதை தனியாகப் பிரிகிற அந்தத் துண்டை எந்த முள்ளும் தாங்காது.

நம் மூக்குக்கு வருகிற நாற்றம் காற்றில் பறக்கிற பொருள். கெளுத்தி தேடுவது தண்ணீரில் கரைகிற பொருள், முக்கியமாக அமினோ அமிலங்கள். இரண்டும் ஒன்றல்ல. கெளுத்தியின் மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோல் முழுக்கச் சுவை மொட்டுகள் உண்டு. சேனல் கேட்ஃபிஷ் என்கிற இனத்தில் அவற்றின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும். இருட்டிலும் கலங்கிய தண்ணீரிலும் அது தட்டுத் தடுமாறாமல் இரைக்கு வந்து சேர்வது இதனால்தான். புதிதாக வெட்டிய மீனிலிருந்து கசிகிற ரத்தமும் சாறும் நன்றாகக் கரையும். எண்ணெய் மட்டும் கசிந்தால் மேலே மிதந்து போய்விடும். அடியில் கிடக்கிற மீனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மத்தி போன்ற எண்ணெய் மீன்கள் நன்றாக வேலை செய்வதற்கும் எண்ணெயை விட அவற்றின் மென்மையான சதையும் ரத்தமுமே காரணம் என்பது என் கணிப்பு.

ஓடுகிற தண்ணீரில் இந்தச் சாறு கீழ்நோக்கித்தான் போகும். மீன் கிடக்கிற பள்ளத்துக்கு நேராக இரையைப் போடாமல், பள்ளத்துக்குக் கொஞ்சம் மேல்புறம் போட்டால் மீனே வாசனையைப் பிடித்து ஏறி வரும்.

முள்முனை:
மீன் துண்டு போடுகிறவர்களுக்கு. ராடின் நுனி 'டக் டக்' என்று ஆடிவிட்டு நிற்கும். அந்த நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால் எல்லாம் முடிந்தது. வட்ட முள்ளாக (முனை உள்பக்கம் வளைந்த 'சர்க்கிள் ஹுக்') இருந்தால் வெட்டி இழுக்கவே கூடாது. மீன் இரையைக் கவ்விக்கொண்டு திரும்பிப் போகும்போது முள் தானாக உருண்டு வாயோரத்தில் மாட்ட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மாட்டாமல் வெளியே வழுக்கி வந்துவிடும். நுனி வளைந்து, வளைந்தபடியே நிற்கும் வரை பொறுத்து, ரீலை மட்டும் சீராகச் சுற்றுங்கள்.

துண்டு பெரிதாக இருந்தால் முள்ளின் வாய் அடைபட்டுவிடும். பலர் மீன் விடுவது இந்த இடத்தில்தான். தோல் இருக்கிற ஓரத்தில் ஒரே ஒரு குத்து, முள்ளின் வளைவில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுக்கு 3/0 முதல் 5/0 வரை அளவுள்ள முள் சரி. சிறு மீன்கள் கொத்திக் கொத்தித் தீர்த்தால் சதைத் துண்டை விட்டுவிட்டுத் தலையைப் போடுங்கள். உதடு வழியாகவோ கண்குழி வழியாகவோ முள்ளை ஏற்றினால் எலும்பு பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் கழலாது.

மழைக்கால்:
புதுத் தண்ணீர் வந்து கலங்கிய நேரத்தில் ஈரலும் வேண்டாம், மீனும் வேண்டாம். மண்புழு. 1 என்கிற அளவு முள்ளிலோ 1/0 முள்ளிலோ மூன்று நான்கு புழுக்களை நடுவில் குத்தி இரண்டு நுனியும் துடிக்கிற மாதிரி விடுங்கள். முழுப் புழுவையும் காலுறை போல இழுத்து ஏற்றினால் துடிப்பு போய்விடும்.

ஈயக்குண்டு:
மழைக்கால் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டியது. அடி முழுக்கச் சேறு என்றால் எவ்வளவு நல்ல இரையும் அதில் புதைந்துவிடும். தூண்டில் நரம்பில் ஓடுகிற ஈயம், அதற்குக் கீழே ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் வளையம்), அதிலிருந்து முள் வரை 30 முதல் 45 செ.மீ. முன்நரம்பு. அந்த முன்நரம்பில் முள்ளுக்கு ஒரு சாண் முன்னால் சின்னத் தக்கை ஒன்றைக் கோர்த்தால் இரை சேற்றுக்கு மேலே தூக்கி நிற்கும். ஈயம் ஓடுவதால் இழுக்கிற மீனுக்குப் பாரமும் தெரியாது.

கையில் பெட்ரோலோ கொசு மருந்தோ பட்டிருந்தால் இரையைத் தொடும் முன் கழுவுங்கள்.

மாட்டிய மீனைப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். முதுகிலும் இரண்டு பக்கச் செவுளுக்குப் பின்னாலும் இருக்கிற முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். பக்க முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடித்தால் அவை கையில் இறங்காது. தேளி என்றால் இன்னும் எச்சரிக்கை, அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் கை பொறுக்கிற அளவு சுடுநீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி தணியும். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, அதனால் நீரை இன்னொரு கையால் தொட்டுப் பாருங்கள். வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே முறிந்திருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

இரவுக்கரை:
எல்லாரும் கெளுத்தி என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் இந்தச் சண்டை. கெளுத்தி வகையிலேயே சேர்ந்த ஆற்று வாளைக்கு ஈரல் போட்டு விடிய விடிய உட்காருவதில் அர்த்தமில்லை. அது வேட்டையாடுகிற மீன். உயிரோடு நீந்துகிற சிறு மீனைத்தான் முதலில் பார்க்கும். முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், தண்டுவடத்தில் படாமல் மேலாகக் குத்தினால் இரை நெடுநேரம் உயிரோடு நீந்தும். வாளை நெருங்கும்போது அந்தச் சிறு மீன் திடீரென்று பதறித் துடிப்பது நரம்பிலேயே தெரியும். அந்தத் துடிப்பு நின்றதும் கையைச் சும்மா வைத்திருங்கள், நரம்பு நகரும் வரை. அந்த இரை மீனையும் அதே தண்ணீரில் பிடித்ததாகப் போடுங்கள். வேறு குளத்து மீனைக் கொண்டுவந்து மிச்சத்தை இங்கே கொட்டினால் நோயும் அந்நிய இனமும் சேர்ந்து வரும்.

கரையோரம்:
ஈயக்குண்டு, சரி, உப்பைக் குறைக்கலாம். ஓர் இரவு வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும், அதோடு உங்கள் நூலையும் சுற்றிவிடலாம். ஆனால் வடிந்த தண்ணீரைக் கொட்டுவதாக யார் சொன்னது? அதைக் கோதுமை மாவில் விட்டுப் பிசைந்து, பஞ்சைப் பிய்த்துப் போட்டு இன்னும் நன்றாக அடித்துப் பிசைந்தால் உருண்டை இரை தயார். பஞ்சு இல்லாத மாவு பத்து நிமிடத்தில் கரைந்துவிடும்.