என் பெயர் விர்ஜினி

எங்கள் மொரிஷியஸ் தீவில் இந்தப் பெயரைச் சொன்னால் மறு நொடி வரும் கேள்வி ஒன்றுதான்: "கொத் பொல்?" பொல் எங்கே? வங்கிக் கவுண்டரில் கேட்பார்கள், பல் டாக்டரிடம் சீட்டு வாங்கும்போது கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கேட்பார். என் கல்யாணத்தில் ஐயர் தவிர எல்லோரும் கேட்டார்கள். என் கணவர் பெயர் முருகேசன். பெயரால் தங்களுக்கு நேர்ந்ததைப் பலரும் எழுதியிருந்ததை வாசித்தேன், என்னுடையதையும் சொல்லத் தோன்றியது.

மொரிஷியசுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெர்னார்தன் து சேன் பியேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1768 முதல் 1770 வரை இங்கே இருந்தார். ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து, 1788இல், 'பொல் எ விர்ஜினி' என்ற நாவலை வெளியிட்டார். ஆண் துணையில்லாத இரண்டு தாய்மார், பக்கத்துப் பக்கத்துக் குடிசை, ஒன்றாக வளரும் ஒரு பையனும் பெண்ணும். பணக்கார உறவுக்காரி ஒருத்தி பெண்ணைப் பிரான்சுக்கு வரவழைத்துக்கொள்கிறாள். அவள் திரும்பி வரும் கப்பல் கரைக்கு எதிரிலேயே உடைகிறது. உடையைக் களைந்துவிட்டு வா, காப்பாற்றுகிறேன் என்று ஒரு மாலுமி மன்றாடுகிறான். அவள் மறுத்து மூழ்கிப்போகிறாள். அந்த ஏக்கத்திலேயே பொல்லும் போய்விடுகிறான். இதுதான் கதை. ஆனால் கியூர்பிப்பில் நகர மன்றத் தோட்டத்தில் இருவருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. ப்ரோஸ்பெர் தெபினே 1881இல் செய்த மூலச் சிலை போர்ட் லூயியில் 'புளூ பென்னி' அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பம்ப்ளமூஸில் அவர்களுடைய சமாதி என்று ஓரிடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறக்கவே பிறக்காத ஒருத்திக்குச் சமாதி!

எனக்குப் பெயர் வைத்தது அப்பா. பஸ் கண்டக்டர். ஆறாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த அந்தப் புத்தகம்தான் அவரிடம் இருந்த ஒரே கதைப் புத்தகம், அட்டை போய் நூல் தெரியும். ஆயாவுக்குப் பிடிக்கவே இல்லை. "தண்ணியில செத்த பொண்ணு பேரையா புள்ளைக்கு வைப்பாங்க?" என்று பெயர் பதிந்துவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாராம். அன்றைக்கே ஆயா எனக்கு வள்ளி என்று பெயர் வைத்துவிட்டார். தாளில் விர்ஜினி, வீட்டில் வள்ளி. ஆயா வாயிலிருந்து 'விர்ஜினி' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. பள்ளியிலிருந்து கடிதம் வந்தால்கூட "அந்தப் பேருக்கு ஏதோ வந்திருக்கு" என்பார்.

பள்ளிக்கூடத்தில் பட்டதை நீட்டிச் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்று. பதினோரு வயதில் சிலையைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பொல் விர்ஜினியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் சிலை அது. அன்று கியூர்பிப்பில் வழக்கமான தூறல், வெண்கலப் பெண்ணின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர் என்னை முன்னால் நிறுத்தி, கப்பல் உடையும் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். 'விர்ஜினி' என்று வரும் இடத்தில் எல்லாம் வகுப்பு என்னைப் பார்த்தது. கடைசி வரியில் கை தட்டினார்கள். நான் சாவதற்குக் கை தட்டுகிற மாதிரி இருந்தது. அன்று இரவு ஆயா பக்கத்தில் படுத்துக்கொண்டு, வள்ளின்னே மாத்திடலாமா என்று கேட்டேன். "தாள்ல எழுதினது எழுதினதுதான்" என்றார், அவ்வளவு கோபத்திலும்.

சித்தி ஒருவர் வேறு விதம். "மானத்துக்காக உயிரை விட்ட பொண்ணு, அந்தப் பேரைக் காப்பாத்து" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. உண்மையிலேயே ஒரு கப்பல் உடைந்தது. 'சேன் ஜேரான்' என்ற கப்பல், 1744 ஆகஸ்ட் மாதம், வடகிழக்கே இல் தாம்ப்ர தீவுக்கு அருகில் பவளப்பாறையில் மோதியது. பிழைத்துக் கரையேறியவர்கள் ஒன்பதே பேர். அவர்கள் கொடுத்த வாக்குமூலத்தில், உடையைக் களைய மறுத்தவர் என்று கப்பலின் கேப்டனே வருகிறார். நிர்வாணமாகக் கரையேறுவது தன் பதவிக்கு அழகல்ல என்றாராம். அந்த மனிதரை இன்று யாருக்கும் நினைவில்லை, ஒரு பெண்ணை மட்டும் இருநூறு வருடமாகப் புகழ்ந்து புகழ்ந்து மூழ்கடித்துக்கொண்டிருக்கிறோம். இதைப் படித்த வருடம் எனக்கு வயது முப்பத்து நான்கு. அந்த வருடமே நீச்சல் கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு ஐந்து வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டேன். தீவில் பிறந்தும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத பெண்கள் எங்கள் குடும்பத்திலேயே எத்தனை பேர்!

இன்னொரு அனுபவம் பம்ப்ளமூஸ் தோட்டத்தில். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன், நான் தமிழ் ஆசிரியை. கூட வந்த டீச்சர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், அங்கே நின்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் திரும்பினார். முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் என் நெற்றிக் குங்குமத்தையும் பின்னலையும் பார்த்துவிட்டு, "ஆனால் அவள் பொன்முடிக்காரி அல்லவா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஏதோ கை நழுவிப் போன மாதிரிச் சொன்னார். எனக்கு வலித்தது. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கிய பெயரை, இது உனக்கில்லை என்று ஒருவர் சொன்னதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அன்று இரவே அப்பாவின் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது கப்பலும் சிலையும்தான். நடுவில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தாய்மார் பூசைக்குப் போயிருக்கும் காலையில், தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஓர் அடிமைப் பெண், எலும்பும் தோலுமாக, சாட்டைத் தழும்போடு விர்ஜினியின் காலில் வந்து விழுகிறாள். விர்ஜினி முதலில் சாப்பாடு போடுகிறாள். பிறகு எசமானிடம் தானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று ரிவியேர் நுவார் வரை நடக்கிறாள். அவசரத்தில் செருப்புப் போட மறந்துபோகிறாள், திரும்பும்போது பாதத்தில் ரத்தம். சிலையில் அவளை ஏன் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அது இந்த நடையின் திரும்பு வழி. அந்த எசமான் அவளுடைய பொன்முடியைப் பார்த்த பிறகுதான் மன்னிக்கிறேன் என்கிறான். அதுவும் பொய். அந்தப் பெண்ணின் காலில் சங்கிலி, கழுத்தில் மூன்று கொக்கி வைத்த இரும்பு வளையம் என்று பிறகு தெரிய வருகிறது. என் பெயர் இந்த நடைக்குத்தான் சொந்தம் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

இன்னும் படிக்கப் படிக்க எங்கள் ஊர்க்காரர்களும் வந்தார்கள். அந்தத் தாய்மார் உடுத்துவது வங்காளத்து நீலத் துணி. பிரான்சுக்குப் புறப்படுவதற்கு முன் விர்ஜினிக்காகக் கொட்டிய துணிகளில் கடலூர்த் துணி இருக்கிறது, பழவேற்காட்டுக் கைக்குட்டை இருக்கிறது. யாரோ நம் நெசவாளி நெய்தது. அவளைப் புதைக்கும் இடத்தில் மடகாஸ்கர் பெண்களும் மொசாம்பிக்காரர்களும் பழக்கூடை வைக்கிறார்கள். வங்காளத்துப் பெண்களும் மலபார்க் கரைப் பெண்களும் கூண்டு கூண்டாகப் பறவைகளைக் கொண்டுவந்து அவள் உடல்மேல் திறந்துவிடுகிறார்கள். இந்தத் தீவில் தமிழரை மலபார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகு நேரமானது.

மறுநாள் புத்தகத்தோடு ஆயாவிடம் போனேன். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது, கண் மங்கிவிட்டது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பறவை வந்த இடத்தில் உலக்கை நின்றது.

"யாரு, நம்ம ஆளுங்களா?"

"ஆமா ஆயா."

"செத்த எடத்துல கூண்டைத் தொறந்து விட்டாங்களா?"

மறுபடி படிக்கச் சொன்னார். என்ன பறவை என்று கேட்டார். புத்தகத்தில் பறவையின் பெயர் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பச்சைக் கிளியா இருக்கும்" என்றார். "படி விர்ஜினி, அப்புறம் என்ன ஆச்சு?"