ஷே ஸ்டேடியம் முதல் வெம்ப்ளி வரை: பாடியவர்களுக்கே பாட்டு கேட்காத கச்சேரிகள்

கேள்வி: சுருதிப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் நிகழ்த்திய கச்சேரியின் ஒளிப்பதிவைச் சென்ற வாரம் முதல்முறையாகப் பார்த்தேன். 55,600 பேர் கூடியிருந்த அந்தப் பேஸ்பால் மைதானத்தில் அவர்கள் பாடியவை 12 பாடல்கள் மட்டுமே. மொத்த நிகழ்ச்சியும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ராக் இசையின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்தக் கச்சேரியைக் குறிப்பிடாமல் கடப்பதில்லை. ஆனால் படம் முழுவதும் பாட்டைவிட அலறலே ஓங்கி நிற்கிறது. பாடுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசிப் பாட்டில் ஜான் லெனன் ஆர்கனின் கட்டைகளை முழங்கையால் தேய்க்கிறார். தங்கள் பாட்டு தங்களுக்கே கேட்கவில்லை என்று அவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனை புகழும் பணமும் இருந்த ஒரு குழுவுக்கு ஒழுங்கான ஒலியமைப்பு ஏன் கிடைக்கவில்லை? இந்த நிலை எந்தக் கச்சேரிகளின் வழியாக மாறியது? இசையே சரியாகக் கேட்காத ஒரு நிகழ்ச்சியை நாம் ஏன் இன்றும் மகத்தான கச்சேரி என்கிறோம் என்பதும் என்னை உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி: மைக்செட்காரர்

நல்ல கேள்வி, நண்பரே. முப்பது ஆண்டுகளாக ஒலியமைப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதல் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்தக் குழுவினர் அதற்கு முன் பயன்படுத்திய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் 30 வாட் திறன் கொண்டவை. பெரிய அரங்குகளுக்காக வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்கென்று 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்தது. மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டதே என்று தோன்றும். ஆனால் நம் காது வாட்டைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஓர் ஒலி இரண்டு மடங்கு உரக்க இருப்பதாகக் காதுக்குப் படவேண்டுமானால் திறன் ஏறத்தாழப் பத்து மடங்கு உயரவேண்டும். 30 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனதில் கிடைத்தது 5 டெசிபெல் (ஒலியளவின் அலகு) மட்டுமே. திறந்த வெளியிலோ, பெட்டியிலிருந்து தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் இறங்கிவிடும். ஆடுகளத்தில் இரண்டாம் பேஸ் (ஓட்டக்காரர் தொடவேண்டிய இடங்களில் ஒன்று) அருகே போடப்பட்டிருந்த மேடைக்கும் பார்வையாளர் மாடங்களுக்கும் இடையே பெரும் வெற்றுவெளி கிடந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பாடகர்களின் குரலுக்கு மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளையும் நம்பவேண்டியிருந்தது. யார் மட்டையெடுத்து வருகிறார் என்று சொல்வதற்காகக் கட்டப்பட்டவை அவை.

இதைவிடக் கொடுமை, மேடையில் பாடகரை நோக்கித் திருப்பிவைக்கும் மானிட்டர் பெட்டி எதுவும் இல்லை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நூறு மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து தன் குரல் திரும்பி வர ஏறத்தாழ 0.3 நொடி ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் ஓடும் பாட்டில் அது அரைத் தட்டுக்கும் மேலான பிசகு. அதன்மேல் இடைவிடாத அலறல். முன்னால் நிற்பவர்களின் உடலசைவையும் கால்தட்டலையும் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்று ஊகித்ததாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கோயில் திருவிழா ஒன்றில் நான் வைத்திருந்த மானிட்டர் பெட்டி நடுப்பாட்டில் செயலிழந்தது. நல்ல தேர்ச்சியுள்ள பாடகி இரண்டு வரிக்குள் சுருதியை விட்டுவிட்டார். அந்த அம்மையாரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே ஷே ஸ்டேடியத்தில் நால்வரும் அவ்வளவு தூரம் தாளம் பிசகாமல் வாசித்ததையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

இன்னொன்று: நீங்கள் பார்த்த படத்தின் ஒலியில் எல்லாமே அன்று மைதானத்தில் ஒலித்தவை அல்ல. 1966 ஜனவரியில் லண்டனில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் சில பகுதிகளை அவர்கள் மறுபடியும் பாடியும் வாசித்தும் சேர்த்தார்கள்.

மறுமொழி: மழைக்கால வானொலி

மேலே சொன்னவற்றின் தொடர்ச்சியை நான் சொல்கிறேன். தன் இசையைத் தானே கேட்க முடியாத சலிப்பு அந்தக் குழு மேடையை விட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்ததுதான் அவர்களது கடைசிக் கட்டணக் கச்சேரி. அன்று நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னி கேட்டுக்கொண்டபடி, குழுவின் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோ கையடக்க டேப் ரிக்கார்டரில் அதைப் பதிவு செய்தார். கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். கச்சேரி அதைவிடச் சற்று நீண்டது. எனவே கடைசிப் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் டேப் தீர்ந்துவிடுகிறது. அந்த வெட்டுப்பட்ட முடிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை எவ்வளவு மாறியது என்பதற்கு 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழா சான்று. மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். பில் ஹான்லி என்ற ஒலியமைப்பாளர் உயரமான சாரங்களைக் கட்டி, அவற்றின் மேல் ஒலிபெருக்கிகளை ஏற்றி, சரிவான அந்த நிலத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கு இசையைக் கொண்டுசேர்த்தார். மழை, சேறு, உணவுத் தட்டுப்பாடு என்று எல்லாம் குலைந்த விழாவில் பெரும்பாலான நேரம் குலையாமல் நின்றது ஒலிதான்.

அங்கே கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செய்ததை இந்த இழையில் சொல்லியே ஆகவேண்டும். ஞாயிறு இரவு வாசித்திருக்க வேண்டியவர், நேரம் தள்ளிப்போய்த் திங்கள் காலையில்தான் மேடையேறினார்; கூட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் கலைந்துவிட்டது. அமெரிக்க தேசிய கீதத்தை அவர் கிட்டாரில் வாசித்தபோது, மெட்டின் நடுவே குண்டு விழும் ஓசையும் சைரனும் ஓலமும் எழுந்தன. ஒலிபெருக்கியின் ஒலி மறுபடி கிட்டார் தந்திகளுக்குள் புகுந்து கூவுகிறதே, ஒலிக்காரர்கள் எல்லோரும் அஞ்சி அடக்கப் பார்க்கும் கூவல், அதையே அவர் தம் வாத்தியமாக ஆக்கிக்கொண்டார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் வாசிக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்களுக்கு இணையாக வேறொன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுமொழி: தந்தி

ஒலியைப் பெருக்குவதை மட்டும் முன்னேற்றமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்கக் கற்றுக்கொண்ட கூட்டமும் வேண்டும். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், வங்காளதேச அகதிகளுக்காக பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் நடத்திய கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிசங்கர், சரோத் கலைஞர் அலி அக்பர் கான், தபலா கலைஞர் அல்லா ரக்கா ஆகியோர் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என ரவிசங்கர் கனிவோடு சொன்னார். அந்தக் கைதட்டலை அறியாமை என்று பலர் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். அலறிப் பழகிய ராக் ரசிகர்கள் தந்தியின் சிறு அசைவுக்குக்கூடக் காதுகொடுத்துக் காத்திருந்ததன் அடையாளமாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். ஷே ஸ்டேடியத்திலிருந்து ஆறே ஆண்டுத் தொலைவு!

கருவியைப் பற்றியே பேசுவதானால், 1974-இல் அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் கட்டிய ஒலிச்சுவரைப் பற்றியும் மைக்செட்காரர் ஐயா சொல்லவேண்டும்.

மறுமொழி: மைக்செட்காரர்

நினைவூட்டியதற்கு நன்றி. அந்தக் குழுவின் ஒலியமைப்பாளர் அவ்ஸ்லி ஸ்டான்லி முன்னின்று வடிவமைத்த அந்த அமைப்பில் ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகள் இருந்தன. எடை சுமார் 75 டன். வழக்கத்துக்கு மாறாக அத்தனையும் இசைக்கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. கூட்டம் எதைக் கேட்டதோ அதையே வாசிப்பவர்களும் கேட்டார்கள். தனி மானிட்டர் பெட்டி தேவைப்படவில்லை. அப்படி வைத்தால் மைக் கூவுமே என்பீர்கள். ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒன்றுக்கொன்று எதிரிடையாக இணைத்தார்கள். பாடகர் ஒன்றில் மட்டும் வாய்வைத்துப் பாடுவார். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டிலும் சமமாகப் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஞ்சுவது குரல் மட்டுமே. இத்தனை பாரத்தை ஊர் ஊராக ஏற்றி இறக்கக் கட்டுப்படியாகாமல் அந்த ஆண்டு அக்டோபரோடு கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் வாசிப்பவனும் கேட்பவனும் ஒரே ஒலிக்குள் இருக்கவேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சுருதிப்பெட்டி:

அனைவருக்கும் நன்றி. என் மூன்றாவது கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை: கேட்காத கச்சேரி எப்படி மகத்தான கச்சேரி ஆகும்?

மறுமொழி: மழைக்கால வானொலி

அதற்கு லண்டனின் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் விடை கிடைக்கலாம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட பாடகர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் 1985 ஜூலை 13 அன்று நடத்திய லைவ் எய்ட் கச்சேரியில் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவினருக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். அதற்காகவே அவர்கள் ஷா தியேட்டரில் ஒத்திகை பார்த்து, பாடல்களைச் சுருக்கிக் கோத்து வந்திருந்தார்கள். அந்தக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி வெறும் குரலை இழுத்துவிட, 72,000 பேர் அதே இழுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டில் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து தட்டின. ஷே ஸ்டேடியத்தில் பாட்டை மூடி மறைத்த கூட்டத்தின் சத்தம், இங்கே பாட்டின் உறுப்பாகவே மாறிவிட்டது.

அதே நாள் இரவு, ஷே ஸ்டேடியத்தில் பாடிய அதே பால் மெக்கார்ட்னி பியானோவின் முன் அமர்ந்து 'லெட் இட் பீ' பாடத் தொடங்கினார். மைக் வேலை செய்யவில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் அவருடைய குரல் யாருக்கும் கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் நிறைய ஒரு மாதமே இருந்தபோது மறுபடியும் அதே விதி. ஆனால் இம்முறை கூட்டம் அலறவில்லை. அவருக்குப் பதிலாகப் பாட்டை எடுத்துப் பாடிக்கொண்டிருந்தது. டேவிட் போவி, பீட் டவுன்ஷெண்ட், அலிசன் மோயெட், கெல்டாஃப் ஆகியோர் துணைக்குப் பாட மேடையேறினார்கள். அந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள், குறிப்பாக மைக் உயிர்பெறுவதற்கு முன்புள்ள பகுதியை.