கல்லும் மணியும் பதித்த உடையைக் கிணற்று நீரில் கழுவலாமா?

கேள்வி: பரந்தனிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். சித்திரையில் என் மூத்த மகளின் சாமத்தியச் சடங்கை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நடத்தினோம். அன்று அவள் உடுத்த லெஹங்கா, கனடாவில் இருக்கும் என் அண்ணன் தன் மகளுக்காக வாங்கி, அவள் ஒரு தடவை உடுத்தபின் எங்களுக்கு அனுப்பியது. வருகிற ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுக்கு என் தங்கையின் மகள் அதை உடுக்க இருக்கிறாள். மூன்று பிள்ளைகளின் கை மாறும் உடை என் வீட்டில் பழுதாகிவிடக் கூடாது என்ற கவலையோடு இதை எழுதுகிறேன்.

பாவாடை தந்த நிற வலைத்துணியால் ஆனது. மேலே மின்னும் வட்டத் தகடுகளும் சிறிய கண்ணாடிக் கற்களும் உள்ளன, உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதன் கரை முழுவதும் செம்மண் புழுதி ஏறியிருக்கிறது. முன்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் பருப்புக் கறி சிந்தியது. அதைக் கண்டு பதறிய என் மாமியார் உடனே சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், மஞ்சளாக இருந்த கறை அந்த நொடியே செங்கபிலமாக மாறிவிட்டது. சட்டை சிவப்புப் பட்டு. கையில் ஆரி வேலை செய்த மணி வரிசை ஒன்று கழன்று நூல் தொங்குகிறது, கக்கத்தில் வியர்வைக் கறையும் இருக்கிறது. தாவணிக்குச் சரிகைக் கரை உண்டு. அதில் சாம்பிராணிப் புகை மணம் தவிர வேறு குறை இல்லை.

எங்கள் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காது, காய்ந்த உடுப்பில் வெள்ளையாகப் படிவு நிற்கும். உலர்சலவைக்குக் கொடுப்பதானால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டும். முன்பு ஒரு தடவை கல் வைத்த சேலை ஒன்றைச் சலவைக் கடையில் கொடுத்து, பாதிக் கற்கள் உதிர்ந்து, தகடுகள் சுருண்ட நிலையில் திரும்பப் பெற்றேன். அதனால் கடையில் கொடுக்கவும் மனம் வரவில்லை. வீட்டிலேயே செய்ய வழி இருந்தால், தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: தையல் வேலை செய்பவர், புதுக்குடியிருப்பு

தங்கச்சி, நான் 16 வருடங்களாகச் சட்டை தைத்து, ஆரி வேலையும் செய்து வருகிறேன். தண்ணீரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் ஊசியை எடுங்கள். ஆரி ஊசியால் போடுவது சங்கிலித் தையல். ஒரு கண்ணியை அடுத்த கண்ணி பிடித்துக்கொண்டிருப்பதால், ஓர் இடத்தில் அறுந்து நுனி வெளியே வந்துவிட்டால், அதை இழுக்க இழுக்க வரிசை முழுவதும் மணிகளோடு கழன்று வரும். தொங்கும் நூல் அசிங்கமாக இருக்கிறது என்று பலர் அதைக் கத்தரித்துவிடுகிறார்கள். அதுதான் பெரிய பிழை. தொங்கும் நூலை மெல்லிய ஊசியில் கோத்து, கழலாமல் நிற்கும் கடைசிக் கண்ணிக்குள் விட்டு, துணியின் பின்பக்கத்துக்கு இறக்கி இரண்டு முடிச்சுப் போடுங்கள். விழுந்த மணிகளைப் பிறகு சாதாரணத் தையலில் ஒவ்வொன்றாக வைக்கலாம், அவசரமில்லை.

அடுத்து, பாவாடையின் உட்புறத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, கற்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். பின்னால் நூல் தெரிந்தால் தைத்த கல். நான்கு சிறிய உலோக நகங்கள் மடிந்திருந்தால் கௌவிய கல். அந்த உலோகம் மலிவானதென்றால் ஈரம் நின்ற இடத்தில் துரு பிடித்துத் துணியில் இறங்கும். நூலும் நகமும் இல்லாமல் பசை மட்டும் கண்ணாடி போலத் தெரிந்தால் ஒட்டிய கல். ஒட்டிய கற்கள் பெரும்பாலும் சூட்டினால் இளகும் பசையில் நிற்பவை, ஆகவே சூடு பட்டால் மறுபடியும் இளகும். உலர்சலவைத் திரவமும் சில பசைகளைக் கரைத்துவிடும். உங்கள் சேலைக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உலர்சலவை என்றால் உடை நனைவதே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தண்ணீருக்குப் பதிலாக வேறொரு கரைப்பானில் நனைத்துச் சுழற்றுகிறார்கள். தகடுகள் பிளாஸ்டிக் என்பதால் சூட்டில் சுருண்டுவிடும், சுருண்ட தகட்டை நிமிர்த்த முடியாது.

கண்ணாடிக் கற்களின் முதுகில் மினுக்கத்துக்காக வெள்ளிப் பூச்சு ஒன்று இருக்கும். அதற்குள் நீர் புகுந்தால் கல் உதிராமலே கறுத்து மங்கிவிடும். இதற்காகத்தான் கல் வைத்த எதையும் ஊறப்போடக் கூடாது என்று என்னிடம் தைக்க வருபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்கள் மூன்று துண்டுகளில் தாவணியைக் கழுவவே வேண்டாம். நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள், புகை மணம் போய்விடும். சட்டையை முழுவதும் நனைக்க வேண்டாம். ஆரி வேலைக்குப் போடும் சிவப்புப் பட்டு சாயம் விடாமல் இருப்பதை நான் அதிகம் கண்டதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து உள்மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள்; துணியில் சிவப்பு இறங்கினால் அந்தச் சட்டையைத் தண்ணீருக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். பாவாடைக் கற்கள் தைத்தவையாக இருந்தால் மட்டும் கையால் அலசலாம். ஒட்டியவை என்றால் கரையையும் கறை பட்ட இடத்தையும் மட்டும் துடைத்தெடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, வவுனியா

மேலே எழுதிய பிள்ளை சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். கறையையும் தண்ணீரையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நான் இரசாயனவியல் கற்பித்தவள்.

மாமியார் செய்ததை நினைத்து வருந்தாதீர்கள், கறை நிலைத்துவிடவில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும். சவர்க்காரம் காரம், மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் குங்கும நிறம் வருவதும் இதே காரணத்தால்தான். ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினாகிரி கலந்து, பஞ்சில் தொட்டு, கறையின் மேல் ஒற்றி எடுத்தால் சிவப்பு மறுபடியும் மஞ்சளாக மாறும். முதலில் உட்புறத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உலோகச் சரிகையிலும் முத்துச் சிப்பி வேலையிலும் வினாகிரி படக் கூடாது. செம்பு கலந்த சரிகை பச்சை பூக்கும், முத்தின் மேற்பரப்பு அமிலத்தில் அரிபடும்.

பருப்புக் கறியில் மஞ்சளோடு எண்ணெயும் இருக்கிறது, அதை முதலில் எடுக்க வேண்டும். கறைக்கு அடியில் மடித்த பழைய துவாயை வைத்து, மேலே சோளமாவைத் தடிப்பாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். மா எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வாசனையற்ற தெளிந்த ஷாம்புவில் இரண்டு துளியை நீரில் கலந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை வட்டமாகப் பரவும். எஞ்சிய மஞ்சளை வெயில் தின்றுவிடும், குர்க்குமின் ஒளியில் சிதையக்கூடியது. ஆனால் வெயில் சாயங்களையும் தகடுகளையும் மங்கவைக்கும் என்பதால், பாவாடை முழுவதையும் தடித்த துணியால் மூடி, கறை பட்ட இடம் மட்டும் தெரியும்படி விட்டு, காலை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். போகாவிட்டால் அடுத்த நாளும் அதையே செய்யுங்கள். குளோரின் வெளுப்பான் வேண்டவே வேண்டாம்.

வன்னியில் பல கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் கூடிய வன்னீர்தான் கிடைக்கிறது. சவர்க்காரம் அவற்றோடு சேர்ந்து கரையாத படிவாகி, மணிகளின் இடுக்குகளில் வெள்ளையாக உட்கார்ந்துவிடும். நீங்கள் காணும் படிவு இதுவே. ஷாம்பு இந்த நீரிலும் படிவு உண்டாக்காது. பீலியிலிருந்து மழைநீர் சேர்க்கும் தாங்கி வைத்திருந்தால் அந்த நீரே சிறந்தது. இல்லையென்றால் கிணற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் சுண்ணத்தைக் கலக்காமல் மேல்நீரைத் துணியில் வடித்தெடுங்கள். வன்மையின் ஒரு பகுதி அதனால் குறையும். இன்னொன்று, கூரைக்கு மேலே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியின் நீர் மத்தியானத்தில் கை பொறுக்காத சூட்டில் வரும், அதைத் தொடாதீர்கள்.

கற்கள் தைத்தவை என்று உறுதியானால், செம்மண்ணை நனைக்காமல் முதலில் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். நனைந்த புழுதி சேறாகி வலையின் கண்களுக்குள் போய்விடும். பிறகு பாவாடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, 10 லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி ஷாம்பு கலந்து, மூன்று நான்கு நிமிடங்கள் மட்டும் மேலும் கீழும் தோய்த்தெடுங்கள். கசக்கவும் பிழியவும் கூடாது. ஈரமான மணி வேலை தன் பாரத்தாலேயே வலையைக் கிழிக்கும், ஆகவே தூக்கும்போது நாரிப் பட்டியில் பிடிக்காமல் இரண்டு கைகளாலும் அடியிலிருந்து ஏந்துங்கள். இரண்டு தடவை நல்ல நீரில் அலசி, பெரிய துவாயில் விரித்து, பாயைப் போல உருட்டி மெல்ல அழுத்தினால் நீர் துவாய்க்கு இறங்கும். கொடியில் போடாமல் நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

பட்டுச் சட்டைக்குச் சலவைத் தூள் ஒருபோதும் வேண்டாம். பட்டு ஒரு புரதம். பல தூள்களில் இரத்தக் கறை, முட்டைக் கறை போன்றவற்றைத் தின்பதற்காகச் சேர்க்கும் நொதியம் பட்டையும் தின்னும். சாயம் விடாத பட்டென்று கண்டால் மட்டும், வெள்ளைத் துணியை வடித்த நீரில் நனைத்துப் பிழிந்து, கக்கத்தின் உட்புறத்தில் ஒற்றி எடுங்கள்.

மீண்டும் பரந்தனிலிருந்து

ரீச்சருக்கும் தையல் அக்காவுக்கும் மனம் நிறைந்த நன்றி. பாவாடையின் உட்புறத்தைப் பார்த்தேன். தகடுகள் எல்லாம் தைத்தவை, நாரிப் பட்டியில் இருக்கும் ஒரு வரிசைக் கற்கள் மட்டும் ஒட்டியவை. அதனால் நாரிப் பட்டியை வாளிக்கு வெளியே மகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழ்ப்பகுதியை மட்டும் மழைநீரில் தோய்த்தேன். வினாகிரி பட்டதும் கறை கண் முன்னே மஞ்சளானதைப் பார்த்து மாமியார் ஆறுதலடைந்தார். மூன்று காலை வெயிலில், தெரிந்து தேடினால் ஒழியக் காணமுடியாத அளவுக்கு அது மங்கிவிட்டது. சட்டை சாயம் விட்டது. ஆகவே அதை நனைக்காமல் உட்புறம் திருப்பிக் காற்றில் மட்டும் விட்டேன். கழன்ற நூலை முடிந்துவிட்டேன்.

இனி ஆவணி வரைக்கும், அதற்குப் பிறகு மழைக் காலத்திலும், இதை எப்படி வைப்பது? அலுமாரியில் தொங்கவிடலாமா?

பதில்: முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா

பிள்ளை, தொங்கவிடாதே. மணியின் பாரம் முழுவதும் தோளிலும் நாரியிலும் இறங்கி, சில மாதங்களில் வலை இழுபட்டு நீளும். பழைய பருத்தி வேட்டியை நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்து, அதில் பாவாடையைத் தட்டையாகச் சுற்றி வை. மடிக்கும் இடங்களில் துணிச் சுருள் ஒன்றை உள்ளே வைத்தால் மடிப்புக் கூராக விழாது, தகடுகளும் ஒன்றோடொன்று உரசாது. செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.

பிளாஸ்டிக் பையில் மட்டும் போட்டு வைக்காதே என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். 2009இல் இடம்பெயர்ந்தபோது என் கூறைச் சேலையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித்தான் கொண்டு போனேன். அப்போது வேறு வழி இருக்கவில்லை. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி அவிழ்த்துப் பார்த்தபோது, உள்ளே அடைபட்ட ஈரத்தில் சரிகை கறுத்து, மடிப்பு மடிப்பாகப் பட்டு வெடித்திருந்தது. அதன் முந்தானையில் நல்லதாக எஞ்சிய ஒரு முழத்தை வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது.

நப்தலீன் உருண்டை போடுவதானால் துணிப் பொட்டலமாகக் கட்டி அலுமாரியின் மூலையில் வை, உடையின் மேல் நேரே வைக்காதே. சில பிளாஸ்டிக் மணிகளை அது இளகவைத்து ஒட்டவைத்துவிடும், சரிகைக்கும் ஆகாது. வாசனைத் திரவியத்தையும் உடுத்த பிறகு சரிகையில் தெளிக்க விடாதே, உடுக்க முன்னரே மேலில் பூசிக் காயவிட வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி முடியும்வரை நம் பக்கத்தில் துணி ஈரம் குடிக்கும். இடையில் வெயில் கண்ட நாளில் எடுத்து, வீட்டுக்குள் கட்டிலில் விரித்து, மடிப்பை மாற்றி மறுபடியும் சுற்று. பூஞ்சணம் வந்தால் முதலில் மடிப்பில்தான் வரும்.

பதில்: தையல் வேலை செய்பவர், புதுக்குடியிருப்பு

சாயம் விடும் அந்தச் சட்டையைப் பற்றி ஒன்று எழுத மறந்துவிட்டேன். தங்கையின் மகள் உடுக்கும் முன்னர், கக்கத்தின் உட்புறத்தில் இரண்டு மடிப்பு வெள்ளைப் பருத்தித் துணியைப் பிறை வடிவத்தில் வெட்டி, நீண்ட தையலாகப் பிடித்துவிடுங்கள். வியர்வை அந்தத் துணியோடு நின்றுவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் நூலை இழுத்து அதைக் கழற்றித் துவைக்கலாம், பட்டைத் தொட வேண்டியதில்லை. சுருக்கம் எடுக்க வேண்டுமானால், தடித்த துவாயின் மேல் மணி வேலை கீழே பார்க்கும்படி போட்டு, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மின்னழுத்தியை ஒற்றைப் புள்ளி போட்ட ஆகக் குறைந்த சூட்டில் வைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். நாரிப் பட்டியில் ஒட்டிய கற்கள் இருக்கும் இடத்துக்கு மின்னழுத்தி போகவே கூடாது. உதிர்ந்த மணிகளை ஒரு சின்னப் பையில் போட்டு, சட்டையின் உட்பக்கத்தில் ஊசியால் குத்தி அனுப்புங்கள். அதே நிறத்தில் மணி தேடுவது இங்கே இலகுவான வேலை அல்ல.