விசென்டர் நிறுவப் போய் மணிக்கூட்டுக் கடையில் நின்ற கதை

மட்டக்களப்பிலிருந்து:

சேர்வர் விர்ச்சுவலைசேஷன் (ஒரே சேர்வருக்குள் பல கணினிகளை மென்பொருளால் ஓட்டுவது) போட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக் கூடாது.

2022 தொடக்கம். திருகோணமலை வீதியில் ஒரு சின்ன நிதிக் கம்பனி, பெயர் வேண்டாம். கணினி, பிரிண்டர், சிசிடிவி தொடங்கித் தண்ணி மோட்டர் வரைக்கும் அங்கே எல்லாவற்றுக்கும் நான்தான். மேசைக்குக் கீழே நாலு பழைய பெட்டிகள் இரைந்துகொண்டு கிடந்தன. ஒன்றில் கணக்கு, ஒன்றில் வருகைப் பதிவு, ஒன்றில் கோப்புகள். நாலாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் நிற்பாட்டினால் யாராவது கத்துவார்கள். நாலையும் ஒன்றுக்குள் போடுவோம் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்து, கொழும்பில் பாவித்த ரேக் சேர்வர் ஒன்றை வாங்கினேன். இரண்டு ஸியோன் சிபியூ, 64 ஜிபி ராம். பெட்ஷீட்டில் சுற்றி இரவு பஸ்ஸில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார்.

சேர்வரை இப்படிப் பங்கு போடுகிற மென்பொருள் விஎம்வேர் கம்பனியின் இஎஸ்எக்ஸ்ஐ 7. அதைப் போட்டது ஒரு வேலையே இல்லை. பென் ட்ரைவில் பூட் பண்ணி, எஃப்11 அடித்து நிபந்தனைக்குச் சம்மதம் சொல்லி, ரூட் பாஸ்வேர்ட் கொடுத்து, இன்னொரு தடவை எஃப்11. தேத்தண்ணி ஆறுவதற்குள் மஞ்சளும் சாம்பலுமாக அந்தத் திரை வந்துவிட்டது. எஃப்2 அடித்து நிலையான ஐபி கொடுத்துவிட்டு, லப்டொப்பில் பிரவுசரைத் திறந்தால் அந்த ஒரு சேர்வரை மேய்க்கிற பக்கமான ஹோஸ்ட் கிளையன்ட் தயார். நாலு விஎம்மையும் (சேர்வருக்குள் மென்பொருளாக ஓடுகிற கணினி) அதிலேயே உருவாக்கி ஓட்டியிருக்கலாம். அந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. நாங்கள் வாங்கிய லைசன்ஸ் எசென்ஷியல்ஸ் பொதி. மூன்று சேர்வர் வரை அது செல்லுபடியானது, சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து மேய்க்கிற விசென்டரும் கூடவே வந்தது. காசு கொடுத்ததைப் போடாமல் விடுவதா? விசென்டர் என்பதே தனியான ஒரு விஎம். 7ஆம் பதிப்பில் ஆகச் சின்ன அளவுக்கே 2 சிபியூ, 12 ஜிபி ராம் வேண்டும், டிஸ்க்கில் 415 ஜிபி. மேய்க்கிற சேர்வர் ஒன்றே ஒன்று. ஒற்றை எருமைக்குப் பட்டி கட்டின வேலை.

நிறுவல் இரண்டு கட்டம். லப்டொப்பில் ஐஎஸ்ஓவை மவுண்ட் பண்ணி இன்ஸ்டோலரை ஓட்டினால், முதல் கட்டத்தில் விஎம்மைக் கொண்டுபோய்ச் சேர்வரில் இறக்கும். இரண்டாம் கட்டத்தில்தான் உள்ளே இருக்கிற சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பும். முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் கட்டத்தில் நீலக் கோடு முக்கால்வாசிக்கு மேலே ஓடிப்போய் நின்றது. நின்றது நின்றதுதான். அந்த விஎம்மை அழித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து. இரண்டாம் தடவையும் அதே இடம். மூன்றாம் தடவைக்கு முன்னால்தான் பிழைகளைப் பதிகிற லொக் கோப்பை வாசித்தேன். அதை முதலில் வாசித்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

காரணம் டிஎன்எஸ், பெயரையும் ஐபி முகவரியையும் பொருத்தித் தருகிற சேவை. விசென்டருக்கு நாம் வைக்கிற பெயரைக் கேட்டால் ஐபி வர வேண்டும், ஐபியைக் கேட்டால் அதே பெயர் திரும்பி வர வேண்டும். நான் டிஎன்எஸ் என்று கொடுத்தது வீட்டுப் பாவனை ரூட்டர் ஒன்றை. அது யாரைக் கேட்டாலும் முழிக்கும். அப்புறம் அதே சேர்வருக்குள் ஒரு விண்டோஸ் சேர்வர் விஎம் போட்டு, டிஎன்எஸ் வைத்து, ஐபியிலிருந்து பெயரைச் சொல்கிற ரிவர்ஸ் சோன் கட்டி, இரண்டு பக்கமும் என்எஸ்லுக்அப்பில் பார்த்துவிட்டு நாலாம் தடவை ஓட்டினேன். ஏறிவிட்டது. நேரம் எங்கிருந்து எடுக்க என்று கேட்டதற்கு, இன்டர்நெட் நம்பிக்கையில்லை, ஹோஸ்டிலிருந்தே, அதாவது அந்தச் சேர்வரிலிருந்தே எடு என்று கொடுத்தேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகா வந்தது மார்ச் கடைசி. ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஒழுங்காக ஷட்டவுன் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் கரண்ட் வந்தது, சேர்வரும் எழும்பியது, ஆனால் உள்ளே ஒரு விஎம்மும் எழும்பவில்லை. ஓட்டோஸ்டார்ட் இயல்பிலேயே அணைந்திருக்கும், நாம்தான் போட வேண்டும். அதைப் போட்டிருக்கவில்லை. கையால் ஒவ்வொன்றாக எழுப்பினேன். விசென்டர் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: நோ ஹெல்தி அப்ஸ்ட்ரீம் (பின்னால் ஓட வேண்டிய சேவைகள் தயாரில்லை).

பத்து நிமிடம் பொறுத்தால் வரும் என்று இணையத்தில் சொல்லியிருந்தார்கள். நாலு நாள் பொறுத்தேன். டிஎன்எஸ் விஎம் ஓடுகிறது, பெயர் சரி, பிங் போகிறது. முதலாளி ஒவ்வொரு காலையும் வாசலிலேயே நின்று, "தம்பி, சேர்வர் செத்துப் போயிட்டா?" என்று கேட்பார். கணக்கு ஓடுகிறதா என்று திருப்பிக் கேட்பேன். ஓடுகிறது என்பார். அப்போ சாகவில்லை சேர் என்பேன். விசென்டர் விழுந்தாலும் விஎம்கள் தங்கள் பாட்டில் ஓடும் என்பதை நானே அந்த நாலு நாளில்தான் வடிவாக விளங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஹோஸ்ட் கிளையன்டில் எதையோ கிளிக் பண்ணிவிட்டு, கீழே சமீபத்திய வேலைகள் பட்டியலைப் பார்க்கிறேன், நான் இப்போது செய்த வேலைக்குத் திகதி 2010 ஜனவரி. மதர்போர்டில் இருக்கிற நாணயம் போன்ற பட்டரி செத்திருந்திருக்கிறது. கரண்ட் இருக்கும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்ததில் மணிக்கூடு பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விட்டது. விசென்டர் ஹோஸ்டைக் கேட்டு அதே நேரத்தை எடுத்துக்கொண்டது. அதன் சான்றிதழ்கள் 2022இல் பிறந்தவை. 2010இல் நின்று பார்த்தால் அவை இன்னும் பிறக்கவேயில்லை. சேவைகள் ஒன்றையொன்று நம்பாமல் நின்றிருக்கின்றன.

சிஆர்2032 தேடிப் பஸ் நிலையத்துப் பக்கம் மணிக்கூடு திருத்துகிற ஐயா ஒருவரிடம் போனேன். 

"என்ன மணிக்கூடு தம்பி?"

"மணிக்கூடில்ல ஐயா, சேர்வர்."

"அது எந்தக் கம்பனி?"

150 ரூபாய். போட்டு, பயோஸில் நேரத்தைத் திருத்தி, ஹோஸ்டில் சரியான நேரத்தை வலையில் கேட்டு எடுக்கிற என்டிபியைச் சேர்வரோடு சேர்ந்து தொடங்கும்படி வைத்து எழுப்பினேன். கால் மணி நேரத்தில் விசென்டர் ஒன்றும் நடக்காத மாதிரி லொகின் கேட்டது. விற்ற கடைக்காரருக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "பட்டரி வாரண்டில வராது" என்றார்.

கல்முனையிலிருந்து:

பட்டரிக் கதை அருமை. எங்களுடையது சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. லொறியோடு நிறுக்கிற தராசு, அதன் மென்பொருள் ஓடுவது விண்டோஸ் சேர்வர் 2008இல். செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், சிடியும் இல்லை. அந்தப் பெட்டியைத் திறந்தால் உமித் தூசு ஃபேனில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். பெரும்போகத்து நெல் வருவதற்கு முன் அதை அப்படியே விஎம் ஆக்கிவிட வேண்டும் என்று ஹாஜியார் சொன்னார். சொன்னது ஜனவரி நடுவில்.

புதிதாக வாங்கியது சேர்வர் இல்லை, நல்ல டெஸ்க்டொப். அதில் இஎஸ்எக்ஸ்ஐ 7 போடப் போனால் வலையட்டை ஒன்றும் இல்லை என்று சொல்லி இன்ஸ்டோலர் அங்கேயே நின்றது. அட்டை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, லைட்டும் மினுங்குகிறது! 7ஆம் பதிப்போடு பழைய லினக்ஸ் வகை டிரைவர்களைத் தூக்கிவிட்டார்கள், அதனால் மலிவான போர்டுகளில் வருகிற அட்டைகள் பலவற்றை அது அடையாளம் காணாது. இன்டெல் அட்டை ஒன்று கொழும்பிலிருந்து வர நாலு நாள் என்றார்கள். பொறுக்காமல், இஎஸ்எக்ஸ்ஐயின் வேலையைச் செய்கிற புரொக்ஸ்மொக்ஸுக்குக் கிறுகினேன். அது டெபியன் லினக்ஸின் மேல் ஓடுவது, அநேகமாக எந்த அட்டையையும் பிடிக்கும். ஆனால் அதுவும் ஒரு எச்சரிக்கை கொடுத்தது: கேவிஎம்முக்கு (விஎம்களை ஓட்டுகிற லினக்ஸ் பகுதி) ஆதரவு இல்லை. பயோஸில் போய் எஸ்விஎம் என்ற விர்ச்சுவலைசேஷன் வசதியைத் திறந்துவிட்டதும் அது போய்விட்டது. ஏஎம்டி போர்டுகளில் அந்தப் பெயரில் இருக்கும், இன்டெல் என்றால் விடி-எக்ஸ்.

பழைய பெட்டியை டிஸ்க்2விஎச்டி என்ற கருவியால் பிரதி எடுத்து இம்போர்ட் செய்தேன். முதல் பூட்டில் 7பி என்று முடிகிற நீலத் திரை. டிஸ்க்கை விஎம்களுக்கென்றே இருக்கிற விர்ட்ஐஓ வகையில் கொடுத்தது என் அவசரம். அந்த விண்டோஸுக்கு அது என்னவென்றே தெரியாது. பழைய ஐடிஇ வகை என்று மாற்றியதும் எழும்பிவிட்டது.

உண்மையான தலையிடி இதற்குப் பிறகு. தராசின் எடை வருவது சீரியல் கம்பியில். புதுப் பெட்டியில் அந்தத் துளையே இல்லை. யூஎஸ்பி கன்வேர்ட்டர் ஒன்று வாங்கி விஎம்முக்குள் அனுப்பினேன். விண்டோஸ் அதற்குக் கொம்3 என்று பெயர் வைத்தது. மென்பொருளோ கொம்1ஐத் தவிர வேறெதையும் பார்க்காது, மாற்ற இடமும் இல்லை. தராசில் நெல்லோடு டிராக்டர் நிற்கிறது, பின்னால் இன்னும் ஆறு. திரையில் எடை பூச்சியம். ஹாஜியார் கதவடியில் நின்று, "தம்பி, தராசு வேல செய்யுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். டிவைஸ் மனேஜரில் போர்ட்டுக்குள் போய், அட்வான்ஸ்டில் கொம்1 என்று மாற்றி, வேகம் 9600 என்று கொடுத்தேன். இலக்கம் துடித்துக்கொண்டு ஏறியது. அந்த டிராக்டர்காரர் கைதட்டினார். யூஎஸ்பியை விஎம்முக்குக் கொடுக்கும்போது கருவியின் அடையாள எண்ணால் கொடுங்கள். போர்ட்டால் கொடுத்தால், கூட்டுகிறவர் கழற்றி அடுத்த துளையில் செருகின அன்று திரும்பவும் பூச்சியம்தான்.

ஏறாவூரிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். நமது கதை சின்னது நானா. புரொக்ஸ்மொக்ஸ் போட்டு முடித்து ஒரு பகல் முழுக்க, பிரவுசரில் வருகிற அதன் கொன்சோல் திறக்கவில்லை. போடும்போது கம்பி குத்தியிருக்கவில்லை, அதனால் ரூட்டர் தானாக முகவரி கொடுக்கிற டிஎச்சிபி கிடைக்காமல் 192.168.100.2 என்று தன் பாட்டில் ஒரு முகவரியை வைத்திருந்தது. நான் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போய்விட்டேன். எங்கள் ரூட்டர் இருப்பது 192.168.1இல். முகவரியை இன்டர்பேசஸ் கோப்பில் மட்டும் மாற்றினால் காணாது, ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது பகல். பிரவுசரில் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி 8006 என்று முடிக்க வேண்டும் என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் கணினி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நிறுவிக் காட்டுவதற்கென்று இஎஸ்எக்ஸ்ஐயும் விசென்டரும் 60 நாள் சோதனைக் காலத்தில் போட்டேன். "பெட்டிக்குள்ள பெட்டியா மிஸ்?" என்று ஒரு மகள் கேட்டாள், அதைவிட நல்ல விளக்கம் நான் சொல்லவில்லை. சித்திரை விடுமுறைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் ஒரு விஎம்மையும் எழுப்ப ஏலாது. காலம் முடிந்தால் ஓடிக்கொண்டிருப்பவை ஓடும், அணைத்ததை ஏற்ற விடாது. மின்கட்டணம் பார்த்து அணைத்தது வினையாகிவிட்டது.

இலவச இஎஸ்எக்ஸ்ஐ போடுவோம் என்றால் அப்போது அதுவும் இல்லை. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது, 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள்தான், ஆனால் அதை விசென்டரோடு சேர்க்க ஏலாது. கொன்சோல் காட்டித்தர வேண்டிய எனக்கு அது உதவாது. இப்போது புரொக்ஸ்மொக்ஸ்தான். அதில் கொன்சோல் கூடவே வருகிறது, தனி விஎம் வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவை லொகின் ஆகும்போதும் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும். பிள்ளைகள் அதைக் கண்டு, "மிஸ், நாம களவா பாவிக்கிறோமா?" என்று பயந்தார்கள். களவில்லை, இலவசமாகப் பாவிக்கலாம். அப்டேட்டுக்கு 401 என்று பிழை வந்தால், எண்டர்பிரைஸ் களஞ்சியத்தை அணைத்துவிட்டுச் சந்தா இல்லாதவர்களுக்கான களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு அண்ணாவிடம் ஒரு கேள்வி. டிஎன்எஸ் விஎம் இன்னும் அதே சேர்வருக்குள்தானா?

மட்டக்களப்பிலிருந்து:

அங்கேதான் மிஸ். ஓட்டோஸ்டார்ட்டில் அதை முதலாவதாக வைத்து, ஐந்து நிமிடம் கழித்து விசென்டர் எழும்பும்படி கொடுத்தேன். விசென்டரின் பெயரை ஹோஸ்டின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் எழுதிவைத்தேன். ஒரு வருடம் கழித்து விசென்டரையே அழித்துவிட்டேன். 12 ஜிபி மிச்சம், ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நாலாவது பெட்டி எதற்கென்று இன்னும் தெரியவில்லை. அதுவும் விஎம்மாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.