‘பனாலிட்டி ஆஃப் ஈவில்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். முதுகலை உளவியல் பாடநூலின் ஓர் இயல் வரும் திங்களன்று அச்சுக்குப் போகிறது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கைப் பற்றிய நூலில் 1963-இல் வழங்கிய ‘பனாலிட்டி ஆஃப் ஈவில்’ என்ற தொடரில் பின்சொல் ‘தீமை’ என அமைந்துவிட்டது. புதுமையற்ற, வெகு எளிய தன்மையைச் சுட்டும் முன்சொல்தான் மூன்று நாளாக இழுக்கிறது. ‘தீமையின் இயல்பு’ என்று எழுதி வகுப்பில் படித்துக்காட்டினேன். தீமை எத்தகையது என்று விளக்கப்போகிறீர்களா எனக் கேட்டுவிட்டார் ஒரு மாணவி. ‘தீமையின் சாதாரணத்தன்மை’ என்று வைக்கலாமா?

---

ஐயா, ‘சாதாரணம்’ வடசொல், தவிர்க்கலாம். பிரெஞ்சில் ‘பனால்’ என்பது முதலில் நிலக்கிழாரின் ஆணைக்கு உட்பட்ட ஊரடுப்பையும் மாவாலையையும் குறித்தது. ஊரார் அங்கேதான் ரொட்டி சுட்டாக வேண்டும். எல்லார்க்கும் உரியது பொதுவாகி, பொதுவானது சலித்துப்போனது. ஆதலின் ‘தீப்பொதுமை’ எனலாம். ‘வழமை’யும் நல்ல சொல்லே.

---

> ‘சாதாரணம்’ வடசொல், தவிர்க்கலாம்.

வடமொழியிலும் அதற்குப் ‘பலர்க்கும் பொதுவானது’ என்ற பொருள் உண்டு. ஐயா மூட்டிய அடுப்பில் அந்தச் சொல்லே வெந்து வருகிறது. ‘தீப்பொதுமை’ வேற்றுமைத்தொகையா, பண்புத்தொகையா? மாணவர் தீயணைப்புத் துறையை நினைப்பர். ‘வழமை’ எங்கள் யாழ்ப்பாணத்தில் அன்றாடம் புழங்கும் சொல்தான். ஆயினும் எங்கள் மரபுவழிச் சொத்துரிமைச் சட்டமான தேசவழமைச் சட்டத்தால் மரபும் உரிமையும் ஏறிய சொல்லைத் தீமைக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

---

சொல்லுக்கு முன் கருத்தைப் பார்ப்போம். சைவ சித்தாந்தத்தில், உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் செம்பிற் களிம்பு போல உயிரோடு உடனாய் இருப்பது. அரெண்டோ, யூத மறைஞான ஆய்வாளர் ஷோலெமுக்கு எழுதிய மடலில், தீமைக்கு ஆழமே இல்லை, அது மேற்பரப்பில் பூஞ்சணம் போலப் படர்கிறது என்றார். களிம்பு உடன்பிறந்தது, பூஞ்சணத்துக்கு ஈரம் கண்ட இடமெல்லாம் இடம். யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய இரயில்களை ஒழுங்குசெய்த ஐக்மன், 1961-இல் எருசலேமில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி, அலுவலக மொழிதான் தனக்குத் தெரிந்த ஒரே மொழி என்றான். அவன் வாயில் வந்ததெல்லாம் தேய்ந்த தொடர்கள் என்பதே அரெண்ட் கண்டது. (அது வேடம் என்று, அவன் அர்ஜென்டினாவில் பேசிய ஒலிநாடாக்களைக் காட்டி மறுப்போர் உண்டு; அது வேறு வழக்கு.) ஆகவே ‘தீமையின் தேய்மை’.

---

‘தேய்மை’ அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் தீமை குறைந்துவருகிறது என்றல்லவா படிப்பார்கள்? மேலும், அதே இயலில் அடுத்து வருவது, ஆணையிட்டால் ஒருவர் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவாரா என்று பார்த்த மில்கிரம் ஆய்வு. முதன்மைச் சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை பொத்தானை அழுத்தினர். அவர்களிற் பலர் வியர்த்தும் நடுங்கியும் அழுத்தினர். அங்கே தேய்ந்த பேச்சு இல்லை, ஆள்தான் சாதாரணம். தனிமடலில் எழுதிய நால்வரும் ‘சாதாரணத்தன்மை’யே போதும் என்கிறார்கள். அதையே அனுப்பிவிடுகிறேன்.

---

அனுப்புங்கள். ஆனால் வியர்த்தவனுக்குத் தைத்த சட்டையை வியர்க்காத ஐக்மனுக்கும் மாட்டுகிறீர்கள் என்ற என் மறுப்பு அப்படியே நிற்கிறது. ‘தேய்மை’ அடிக்குறிப்பிலாவது இடம்பெறட்டும்.