டுரியான் பருவம் ஏன் தடுமாறுகிறது?

ஈசூன்வாசி:
ஜூன் பிறந்தால் எங்கள் வட்டாரக் கடையில் டுரியான் குவியத் தொடங்கும். அண்மை ஆண்டுகளில் அது ஒருமுறை தாமதமாகவும், மறுமுறை சொற்பமாகவும் வருகிறது. கடைக்காரரைக் கேட்டால், பழம் வரும் மலேசியாவின் பாகாங்கில் மழை என்கிறார். மழை பெய்தால் மரம் செழிக்கத்தானே வேண்டும்? பருவநிலை மாற்றம் பழ மரங்களை எவ்வாறு பாதிக்கிறது, தோட்டக்காரர்கள் எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

மூவார் மருமகன்:
மழையின் அளவைவிட அது பெய்யும் வேளையே முக்கியம், ஐயா. டுரியான் மொட்டு விடுவதற்கு ஏறத்தாழ 1 முதல் 2 வாரம் வரை தொடர்ந்து வெயில் காய வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காத மரம் பூப்பதை விட்டுத் தழைக்கத் தொடங்கிவிடும். பூ மாலையில் விரிந்து விடியலுக்குள் உதிர்வதால், வௌவால்கள் மகரந்தத்தைச் சுமப்பதற்கு அந்த ஓர் இரவுதான் உண்டு. அன்று அடைமழை பிடித்தால் பூத்தும் பயனில்லை. பூ பழமாக 3 மாதத்துக்கு மேலாகும் என்பதால், மார்ச் வாக்கில் பெய்த மழையின் விளைவைத்தான் தாங்கள் ஜூன் வாக்கில் கடையில் காண்கிறீர்கள்.

என் மாமனார் இப்போது இரவு 8 மணிக்கு நெற்றிவிளக்குடன் ஏணியேறி, வேறு ரக மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுகிறார். பல ரகங்கள் தம் மகரந்தத்தாலேயே நன்கு காய்ப்பதில்லை. (அந்த வயதில் ஏணி வேண்டாம் என்றால் கேட்பதில்லை.) நீர் தேங்கினால் ஃபைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிரியால் வேரழுகல் பற்றும் என்பதால், மரத்தடியை மேடாக்கி வடிகாலும் வெட்டியிருக்கிறார்.

கிருஷ்ணகிரிக்காரர்:
மேலே சொன்னது சரியே. ஆனால் வறட்சி நல்லது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பிஞ்சு பிடித்தபின் வெயில் நீடித்தால் பிஞ்சுகள் கொட்டிவிடும். எங்கள் ஊர் மாந்தோப்புகளிலும் இதே சிக்கல்தான்: பூக்கும் தை, மாசியில் தப்பி மழை பெய்தால் பூங்கொத்து கருகுகிறது, வெப்பம் மிகுந்தால் பிஞ்சு நிற்பதில்லை. தழை வளர்ச்சியை அடக்கும் பாக்லோபியூட்ரசோல் என்னும் மருந்தை வேரில் ஊற்றிப் பூக்க வைக்கிறார்கள். அம்மருந்தால் பூவை வரவழைக்க முடியுமே தவிர, பின்னால் வரும் மழையைத் தடுக்க முடியாது. மூடாக்கும் (மரத்தடி மண்ணைத் தழையால் மூடுவது) சொட்டுநீரும் பண்ணைக்குட்டையும்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

தேக்கா வாடிக்கையாளர்:
ஆப்பிளுக்கு நேர்மாறான குறை: குளிர் போதவில்லை. வழக்கமான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரம் தேவை. குளிர் குறைவதால் இமாச்சல் விவசாயிகள் கின்னௌர், லாகௌல் ஸ்பிதி என மேட்டுப் பகுதிகளுக்குத் தோட்டங்களை நகர்த்துகிறார்கள். கீழே இருப்பவர்கள் குறைந்த குளிரே போதுமான 'அன்னா' போன்ற ரகங்களை நடுகிறார்கள். டுரியானுக்கு அப்படி ஏறிப்போக மலை இருந்தாலும், குளிர் அதற்கு ஆகாது.