பொருள்: கனெக்டிங் ராடு ரீகண்டிஷன் – ‘புதுப்பித்தல்’ வேண்டாம், ‘அளவுமீட்பு’ வைக்கலாம்

நண்பர்களே, வணக்கம். கனெக்டிங் ராடு என்பது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் இணைப்புத் தண்டு. தேய்ந்த தண்டைச் சரிசெய்து திரும்பப் போடும் ‘ரீகண்டிஷனிங்’ வேலைக்குத் தமிழ்ச் சொல் எது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ரீகண்டிஷனிங்குக்குப் ‘புதுப்பித்தல்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, பழைய இணைப்புத் தண்டுகளையே திரும்பப் போடுவதா, புதிதாக வாங்குவதா என்று யோசிக்கும் ஒருவர்தான் இந்தச் சொல்லைத் தேடி வருவார். ‘புதுப்பித்த தண்டு’ என்று படித்தால் புதுசுக்குச் சமம் என்றே எடுத்துக்கொள்வார். தண்டு உடைந்தால் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்; ஒரே நொடியில் மொத்த என்ஜினும் போச்சு. அதனால் இந்த ஒரு சொல்லில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மெஷின் ஷாப்பில் உண்மையில் நடப்பது இதுதான். தண்டின் பெருமுனை கிராங்கைப் பிடித்திருக்கும் பக்கம்; அதன் ஒரு பாதி, போல்ட்டால் இறுக்கும் தனி மூடி. ஓடி ஓடி அந்தப் பெருமுனைத் துளை வட்டம் கெட்டுப்போயிருக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில், அதை இழுத்துத் திருப்புவது இந்தத் தண்டும் அதன் போல்ட்டுகளும்தான். மேலிருந்து தள்ளிக்கொடுக்கும் வாயு அழுத்தம் அப்போது கிடையாது. அந்த இழுப்பில் துளை நீளவாக்கில் நீண்டு பக்கவாட்டில் ஒடுங்கும். இதைச் சரிசெய்ய, மூடியும் தண்டும் சேரும் முகங்களைச் சுமார் 0.05 மில்லிமீட்டர் கிரைண்ட் செய்து எடுப்பார்கள். மூடியைப் பூட்டி, போல்ட்டைக் குறித்த டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கினால் துளை அந்தத் திசையில் சிறுத்து நிற்கும். அப்புறம் ஹோன் செய்து (சாணைக்கல்லால் துளையை உள்ளே தேய்த்து) பழைய விட்டத்துக்கே கொண்டுவருவார்கள். துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது முள் ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் திரும்பவும் ஹோன்தான்.

தண்டின் முகத்தில் எடுத்த அளவுக்கு இரு முனைகளின் மையத் தூரமும் குறையும், பிஸ்டனும் அந்தத் துளி கீழே நிற்கும். ஆகவே மூடியில்தான் அதிகம் எடுப்பது வழக்கம்.

இன்னொருவர் ‘மறுஅளவாக்கம்’ என்று சொல்லியிருந்தார். அதுவும் ஒட்டவில்லை. என்ஜின் வேலையில் சிலிண்டரை ரீபோர் செய்தால் துளை பெரிதாகும், பெரிய பிஸ்டன் போடுவோம். கிராங்கைக் கிரைண்ட் செய்தால் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) சிறிதாகும், தடித்த பேரிங் போடுவோம். இணைப்புத் தண்டிலோ துளை தொழிற்சாலையில் இருந்த அதே அளவுக்குத் திரும்புகிறது. முதலாவது மிகையளவு, இரண்டாவது குறையளவு, மூன்றாவது அளவுமீட்பு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று குழம்பாது.

> அளவுமீட்பு என்றால் வெறும் துளை வேலை மாதிரி இருக்கிறதே?

ஆமாம், அதற்காகத்தான் அதைச் சொல்கிறேன். மீள்வது அளவு மட்டுமே. உலோகத்தில் சேர்ந்த களைப்பை ஹோன் கல் எடுத்துவிடாது. காந்தத் துகள் சோதனை, மேற்பரப்பிலும் அதை ஒட்டியும் இருக்கும் விரிசலைக் காட்டும். இனிமேல் எங்கே விரியப்போகிறது என்பதைக் காட்டாது. அலுமினியத் தண்டுக்கு அந்தச் சோதனையே செல்லாது. சுழற்சி வேகம் கூடினால் இழுவிசை அதன் வர்க்கத்தில் ஏறும்: நிமிடத்துக்கு 6000 சுற்றிலிருந்து 7000-க்குப் போனால் 36 சதவீதம் அதிகம். சாதாரண ஓட்டத்துக்கான என்ஜின், தண்டில் விரிசலோ வளைவோ முறுக்கோ இல்லை, நீலம் பாய்ந்த சூட்டுத் தடமும் இல்லை என்றால் அளவுமீட்பு செய்து புது போல்ட்டோடு தாராளமாகப் போடலாம். வேகத்தையோ பவரையோ கூட்டப்போகிறவர் புதுத் தண்டே வாங்கட்டும். போல்ட், புஷ் (பிஸ்டன் பக்கச் சிறுமுனைத் துளைக்குள் இருக்கும் உட்குழல்), சோதனை, ஹோன், எடை சமன் எல்லாச் செலவையும் கூட்டினால், சில என்ஜின்களுக்குப் புதுத் தண்டின் விலையை நெருங்கியும் விடும்.

இன்னொரு வகைத் தண்டுக்கும் பெயர் வேண்டும். இப்போது பல என்ஜின்களில் மூடியை அறுத்துப் பிரிப்பதில்லை. முழுத் துண்டாகச் செய்து, துளைக்குள் கோடு கிழித்து, ஒரே அடியில் முறித்துப் பிரிக்கிறார்கள். முறிந்த முகத்தின் மேடு பள்ளம் அந்த மூடிக்கும் அந்தத் தண்டுக்கும் மட்டுமே பொருந்தும். அந்த முகத்தை கிரைண்ட் செய்தால் மூடி தன் இடத்தில் உட்கார்வதற்கான பிடிப்பே போய்விடும். இதை ‘முறிமுகத் தண்டு’ எனலாமா? அப்படி வைத்தால் ‘முறிமுகத் தண்டுக்கு அளவுமீட்பு கிடையாது’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். வெளிவிட்டம் கூடிய பேரிங் கிடைக்கும் என்ஜின் என்றால் துளையைப் பெரிதாக்கிப் போடலாம்; ஆனால் அது மிகையளவில் சேரும்.

நான் முன்வைக்கும் வரையறை:

அளவுமீட்பு: இணைப்புத் தண்டின் சேர்முகங்களைக் குறைத்து, மூடியை இறுக்கி, பெருமுனைத் துளையை அதன் மூல விட்டத்துக்கும் வட்டத்துக்கும் கொண்டுவருதல். தண்டின் வலிமையை இது கூட்டாது.

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் வெட்டிவிட வேண்டாம். சிறுமுனை வேலைக்குத் தனிச்சொல் தேவைப்படாது, ‘புஷ் மாற்றம்’ போதும்.